பென் டிரைவ் திறக்கவில்லையா? பொத்தானை அழுத்துமுன் சற்றுப் பொறுங்கள்

நெசவாளர் சங்கமாயினும் வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கமாயினும், இன்று அதன் அலுவலக மேஜையில் பேரேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கணிப்பொறியும், கணிப்பொறிக்குப் பக்கத்தில் விரல் நீளமுள்ள ஒரு பென் டிரைவும் இருக்கக் காண்கிறோம். 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. ஆகவே, இது பட்டணத்துச் சங்கங்களின் கவலை மட்டுமே என்று இனி எவரும் ஒதுக்கிவிட இயலாது. கூலிப் பட்டியலும், கடன் பாக்கி விவரமும், கொள்முதல் கணக்கும், புடவைக் கரையின் வடிவமும் அச்சிறு கருவியில் ஏறிக்கொண்டு காரியதரிசியின் சட்டைப் பையில் ஊர் சுற்றி வருகின்றன. ஒரு நாள் அது திறக்க மறுத்துவிட்டால் செய்யவேண்டுவது என்ன, செய்யக்கூடாதது என்ன என்பதை அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இதனை எழுதுகிறோம்.

சென்ற ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாட்கள் இருக்கையில் நாம் ஒரு பட்டு நெசவாளர் சங்கத்துக்குச் செல்ல நேர்ந்தது. ஊரின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. எந்த ஊரிலும் நடக்கக்கூடியதே அங்கும் நடந்தது. அன்று கூலிப் பட்டுவாடா. முதல்நாள் மாலை கூலிப் பட்டியலைப் பென் டிரைவில் பதிவு செய்துகொண்டிருந்தபோதே மின்சாரம் நின்றுபோயிற்றாம். காலையில் அதைச் செருகியதும், 'இதனை உபயோகிக்குமுன் ஃபார்மட் செய்தல் வேண்டும், செய்யலாமா?' என்று கணிப்பொறி வினவிற்று. அலுவலகத்தில் பணியாற்றும் பெண், கணிப்பொறி கேட்பது முறையாகத்தான் இருக்கும் என்றெண்ணி, முதற் பொத்தானை அழுத்திவிட்டார். அடுத்து ஒரு சாளரம் திறந்தது. அதில் 'ஸ்டார்ட்' என்னும் பொத்தான் காத்திருந்தது.

அந்தப் பென் டிரைவில் கூலிப் பட்டியல் மட்டுமா இருந்தது? மின்னணு ஜக்கார்டுத் தறிகளுக்கென ஐந்தாண்டுகளாக வரைந்து சேர்த்த கரை வடிவங்களும் முந்தி வடிவங்களும் அதில்தான் இருந்தன. கணிப்பொறியின் பழைய வட்டு பழுதாகி மாற்றப்பட்டபோது, எல்லாவற்றையும் பென் டிரைவுக்கு மாற்றியிருந்தனர். புதிய வட்டில் மறுபடியும் ஏற்றிவைக்க எவருக்கும் நினைவில்லை. எனவே உலகத்தில் அவ்வடிவங்களுக்கு இருந்த ஒரே பிரதி அதுவே.

அவ்வேளையில், நிர்வாகக் குழு உறுப்பினரான முதிய நெசவாளர் ஒருவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கணிப்பொறியைப்பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எனினும், "அழிந்துவிடும் என்று எழுதியிருக்கிறதே, கொஞ்சம் பொறம்மா. அட்டைக் கயிறு அறுந்தால் அட்டைகளை அடுப்பிலா போடுகிறோம்?" என்றார்.

அவர் சொன்ன உவமையைவிடப் பொருத்தமானதொன்றை நாம் இன்றுவரை கண்டதில்லை. அதனால் அதைச் சற்று விரித்துரைப்போம்.

பிரான்சு நாட்டவரான ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் அமைத்த தறி யந்திரத்தின் வழிவந்த பெட்டியை நமது நெசவாளர் நன்கறிவர். ஓர் அட்டை ஓர் ஊடைக்கு உரியது. துளையுள்ள இடத்தில் கொக்கி எழும்பிப் பாவு நூலை உயர்த்தும். துளையில்லாத இடத்தில் நூல் கீழே நிற்கும். நூற்றுக்கணக்கான அட்டைகளை வரிசைப்படி கயிற்றால் தைத்திருப்பார்கள். கயிறு அறுந்து அட்டைகள் தரையில் சிதறினால், தறி நின்றுவிடும். ஆனால் அட்டையில் உள்ள துளைகளுக்கு யாதொரு சேதமும் இல்லை. கெட்டது வரிசை ஒன்றே.

பென் டிரைவிலும் இவ்வாறே நடைபெறுகிறது. ஒரு கோப்பைப் பதிவு செய்யும்போது அது பல துண்டுகளாக்கப்பட்டு, காலியான இடங்களில் வைக்கப்படுகிறது. எந்தத் துண்டுக்குப்பின் எந்தத் துண்டு வரவேண்டும் என்பது அதன் தொடக்கத்திலேயே உள்ள ஓர் அட்டவணையில் குறிக்கப்படுகிறது. அந்த அட்டவணைதான் அட்டைக் கயிறு. பென் டிரைவ்களில் பெரிதும் வழங்கும் 'ஃபேட் 32' என்னும் முறைக்குப் பெயரே இவ்வட்டவணையைக் கொண்டு அமைந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றாலும், கருவியைப் பிடுங்கினாலும் அட்டவணை பாதி எழுதியும் பாதி எழுதாமலும் நின்றுவிடும். மறுநாள் கணிப்பொறி அதைப் படித்துப் பார்க்கிறது, பொருள் விளங்கவில்லை. விளங்காததைக் காலி என்று கருதி, 'புதிதாகக் கயிறு கட்டிக்கொள்ளட்டுமா?' என்று கேட்கிறது. ஃபார்மட் என்பதன் பொருள் அவ்வளவே. உள்ளே சரக்கு இருக்கிறதா என்று அது ஆராய்ந்து பார்த்துவிட்டுக் கேட்பதில்லை.

ஃபார்மட்டில் இருவகை உண்டு. 'விரைவு' என்று குறிப்பிட்டுச் செய்வது அட்டவணையை மட்டும் துடைத்துப் புதிதாக எழுதும். துண்டுகள் பெரும்பாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். விரைவு என்னும் குறியை எடுத்துவிட்டுச் செய்வதோ, 2007-இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் சுழியை எழுதிவிடும். அட்டைகளையும் அடுப்பிலிட்டது போலத்தான். அதன்பின் எந்த நிபுணர் வந்தும் பயனில்லை. ஆகையால் அவ்வினா எழுந்தவுடன் 'கேன்சல்' என்பதை அழுத்தி, பென் டிரைவை எடுத்து மேஜைமேல் வைப்பதே முதல் வேலை. அதில் புதிதாக ஒன்றையும் எழுதுதல் கூடாது. எழுதினால் பழைய துண்டுகளின்மேல் போய் உட்காரும்.

இனி, குற்றம் எங்கே என்று பார்ப்போம். எளியவற்றை முதலில் பார்த்தல் வேண்டும். தறி நின்றால் பெட்டியைப் பிரிக்குமுன் நூல் அறுந்திருக்கிறதா என்றுதானே பார்க்கிறோம்! பென் டிரைவை வேறொரு துளையில் செருகிப் பாருங்கள். மேஜைக் கணிப்பொறியானால் முன்பக்கத்துத் துளையைவிடப் பின்பக்கத்துத் துளை நம்பத்தக்கது. நீட்டுக் கம்பியோ பலதுளைப் பெட்டியோ இடையில் இருந்தால் அதை நீக்கிவிட்டு நேரே செருகுங்கள். பஞ்சுத் தூசி அடையும் தறிக்கூடத்தில் செருகு முனையில் தூசி படிவது சகஜம். உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடைக்கலாம், தண்ணீர் ஆகாது. பின்னர் வேறொரு கணிப்பொறியில் செருகிப் பார்க்க வேண்டும். அங்கே திறந்தால் குற்றம் பென் டிரைவில் இல்லை. உடனே அங்கேயே எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டு மறுநாள் வருந்தியவர்கள் பலர்.

எங்கும் திறக்கவில்லையெனில், விண்டோஸில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்றொரு பகுதி உண்டு. தொடக்கப் பொத்தானின்மேல் எலியின் வலப்பக்கத்தை அழுத்தினால் வரும் பட்டியலில் அதைக் காணலாம். வைத்தியர் நாடி பார்ப்பது போன்றது இது. அங்கே பென் டிரைவ் தன் முழு அளவுடன் நலமாகத் தெரிந்து, அதற்குரிய எழுத்து மட்டும் இல்லையானால், நோயே இல்லை. ஓர் எழுத்தைச் சூட்டினால் திறந்துகொள்ளும். அளவு சரியாகத் தெரிந்து, 'ரா' என்றோ 'ஒதுக்கப்படாதது' என்ற பொருளிலோ குறித்திருந்தால், கயிறு அறுந்திருக்கிறது, அட்டைகள் இருக்கக்கூடும். 'நோ மீடியா' என்று காட்டி அளவே இல்லையானால், உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லுக்கும் நினைவுச் சில்லுக்கும் இடையே பேச்சு நின்றுவிட்டது என்று பொருள். எங்குமே தோன்றாவிடில், மின்னிணைப்பு அறுந்திருக்கலாம். இந்தக் கடைசி இரண்டுக்கும் நம் கைவைத்தியம் செல்லாது. முனை வளைந்ததை நிமிர்த்தப்போய் முழுவதும் ஒடித்தவர்களும் உண்டு. உள்ளிருப்பது விலைமதிப்பற்றதானால், தரவு மீட்புத் தொழிலையே செய்வோரிடம் ஒப்படைத்தல் வேண்டும். அவர்கள் ஒடிந்த முனையை மறுபடி பற்றவைத்தோ, நினைவுச் சில்லைத் தனியே கழற்றியோ படித்துப் பார்ப்பர். பழைய விலைப் பட்டியல்தான் உள்ளிருக்கிறதென்றால், அப்பணத்துக்குப் புதிய பென் டிரைவ்கள் பல வாங்கலாம்.

நோயே இல்லாத பென் டிரைவையும் கணிப்பொறி நோயாளி என்று சொல்வதுண்டு. வடிவம் வரைபவர் மாக் கணிப்பொறியிலோ லினக்ஸ் கணிப்பொறியிலோ அவற்றுக்கே உரிய முறையில் அமைத்துக் கொடுத்த பென் டிரைவை விண்டோஸ் படிக்க இயலாது. அப்போதும் அதே கேள்வியைத்தான் அது கேட்கும். இங்கே பழுதே இல்லை. மொழி வேறு, அவ்வளவுதான். கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்து, இரண்டும் படிக்கவல்ல 'எக்ஸ்ஃபேட்' முறையில் வாங்கிக்கொள்ளலாம்.

தறியிலும் இச்சங்கடம் வரும். மின்னணு ஜக்கார்டின் கட்டுப்பாட்டுக் கருவிகள் பலவும் ஃபேட் 32 முறையை மட்டுமே அறியும். இன்று கடையில் வாங்கும் 64 ஜி.பி. பென் டிரைவ் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் வருகிறது. கணிப்பொறியில் நன்றாகத் திறக்கும் ஒன்று தறியில் திறக்கவில்லையென்றால் காரணம் அநேகமாக இதுவே. அப்போது, உள்ளிருப்பதைப் பிரதி எடுத்துவிட்டு, ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்வது நியாயமே. 16 அல்லது 32 ஜி.பி. அளவுள்ள ஒன்றைத் தறிக்கென்றே தனியாக வைத்திருப்பது இன்னும் உத்தமம். ஃபேட் 32 முறையில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை வைக்க முடியாது. ஆனால் எந்தப் புடவைக்கும் அவ்வளவு பெரிய வடிவம் தேவைப்படுவதில்லை.

திறக்கிறது, ஆனால் உள்ளே கோப்புறைகளுக்குப் பதில் வளைந்த அம்புக்குறியிட்ட சிறு படங்கள் மட்டும் தெரிகின்றன என்றால், அது வைரஸின் வேலை. பல கைகள் மாறும் நகலெடுக்கும் கடைகளில் இது ஒட்டிக்கொள்ளும். அப்படங்களை அழுத்தாதீர்கள். கோப்புகளை அது பெரும்பாலும் மறைத்துத்தான் வைத்திருக்கும். மறைந்த கோப்புகளையும், காக்கப்பட்ட அமைப்புக் கோப்புகளையும் காட்டும்படி விண்டோஸில் மாற்றினால் அவை வெளிப்படும். வைரஸ் தடுப்பு நிரலால் சோதித்தபின் பிரதி எடுக்கலாம்.

சங்கத்தின் கதைக்குத் திரும்புவோம். அங்கே பென் டிரைவ் 'ரா' என்று காட்டியது. அளவு சரியாகத் தெரிந்தது. அதாவது நம்பிக்கைக்கு இடமுண்டு. பட்டுவாடாவை நிறுத்தவேண்டாமென்று, காரியதரிசி நெசவாளர்களின் கைப்புத்தகங்களை வாங்கி, அதிலிருந்தே கூலியைக் கணக்கிடத் தொடங்கினார். கைப்புத்தகம் எதற்கு என்று இரண்டு மாதங்களுக்கு முன்தான் குழுவில் ஒருவர் கேட்டிருந்தாராம்! மாலை 7 மணி ஆயிற்று. எனினும் எவரும் வெறுங்கையோடு வீடு செல்லவில்லை.

மீட்பு வேலைக்கு, பிரெஞ்சுக்காரரான கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதி இலவசமாக வழங்கும் 'டெஸ்ட் டிஸ்க்', 'ஃபோட்டோ ரெக்' என்னும் இரு நிரல்கள் உபயோகமாயின. வேலை தொடங்குமுன் பென் டிரைவ் முழுவதையும், காலியிடம் உட்பட, அப்படியே அச்சுப் பிரதியாகக் கணிப்பொறியின் வட்டில் ஒரே கோப்பாக எடுத்துக்கொண்டோம். இதை எவரும் தவிர்த்தல் கூடாது. அதன்பின் செய்யும் சோதனைகளையெல்லாம் அப்பிரதியின்மேல் செய்யலாம். தவறினாலும் மூலம் பத்திரமாக இருக்கும்.

டெஸ்ட் டிஸ்க் என்பது கயிற்றைச் சீராக்க முயல்வது. ஃபேட் 32 முறையில் அட்டவணைக்கு இரண்டு பிரதிகளும், தொடக்கப் பகுதிக்கு ஒரு மறுபிரதியும் வைக்கப்படுவது வழக்கம்; ஒன்று கெட்டால் மற்றொன்றிலிருந்து சரிசெய்ய இயலும். பல சமயங்களில் இத்துடன் வேலை முடிந்து, பெயர்களுடனும் கோப்புறைகளுடனும் எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும். அச்சங்கத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இரண்டு பிரதிகளும் கெட்டிருந்தன.

அடுத்தது ஃபோட்டோ ரெக். இது கயிற்றைப் பார்ப்பதே இல்லை. சிதறிய அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இதன் முகப்பு இன்ன வகைக் கோப்புக்குரியது என்று அடையாளம் கண்டு சேர்க்கும். படத்துக்கு ஒரு முகப்பு, கணக்குத் தாளுக்கு வேறொரு முகப்பு. பென் டிரைவிலிருந்து படிக்குமேயன்றி அதில் எழுதாது. மீட்டவற்றை வேறு வட்டில் வைக்கும்படி நாம் சொல்ல வேண்டும். இதற்கு இரண்டு குறைகள் உண்டு. பெயர்கள் திரும்பா, எல்லாம் எண்களாக வரும். ஒரு கோப்பின் துண்டுகள் அடுத்தடுத்து இல்லாமல் தள்ளித் தள்ளிக் கிடந்தால், மீட்ட கோப்பு பாதியில் முறிந்திருக்கும்.

இரவு 9 மணிக்குள் கூலிப் பட்டியலின் முந்திய மாதப் பிரதிகள் கிடைத்துவிட்டன. மின்சாரம் நின்றபோது எழுதிக்கொண்டிருந்த அந்த மாதப் பட்டியல் கிடைக்கவேயில்லை. கரை வடிவங்களின் படங்கள் பெரும்பகுதி திரும்பின. தறிக்கென ஆக்கிய கட்டளைக் கோப்புகளை ஃபோட்டோ ரெக் இன்னதென்று அறியவில்லை; அவற்றைப் படங்களிலிருந்து மறுபடி ஆக்கவேண்டியதாயிற்று. அது சில நாள் வேலை. புதிதாக வரைவதோ சில வருட வேலை.

இங்கே ஒரு தவறான உபதேசத்தையும் குறிப்பிட வேண்டும். 'செக் டிஸ்க் என்று ஒன்று விண்டோஸிலேயே இருக்கிறது, அதை ஓட்டினால் சரியாகிவிடும்' என்று பலர் சொல்லக் கேட்கிறோம். அது பென் டிரைவிலேயே திருத்தங்களை எழுதுவது. அட்டவணையை ஒழுங்காக்குவதே அதன் நோக்கம், நம் கோப்புகளைக் காப்பாற்றுவது அன்று. பொருந்தாத துண்டுகளைப் பெயரற்ற கோப்புகளாக வெட்டிப்போட அது தயங்காது. 'ரா' என்று காட்டும் பென் டிரைவை அது ஏற்பதுமில்லை. பிரதி எடுத்தபின் ஓட்டுவதற்கு ஆட்சேபம் இல்லை.

சந்தையில் நடக்கும் மோசடியொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. எடைக்கல்லில் ஏமாற்றும் வியாபாரியை வேளாண் அங்கத்தினர் அறிவர். பென் டிரைவிலும் அவ்விதக் கள்ள அளவு உண்டு. உள்ளே 16 ஜி.பி. மட்டும் இருக்க, மேலே 1,000 ஜி.பி. என்று அச்சிட்டு, கட்டுப்பாட்டுச் சில்லையும் அவ்வாறே பொய் சொல்லும்படி மாற்றி, மலிவு விலையில் விற்கிறார்கள். எழுதும்போது எல்லாம் ஏறுவதுபோல் தோன்றும். 16-ஐத் தாண்டியவை வெறும் காற்றில் எழுதியவையாகும், அல்லது முன்னர் வைத்தவற்றின்மேல் ஏறி அழிக்கும். இவ்விதம் போனவற்றை ஃபோட்டோ ரெக்கும் தேடிக் கொணராது; இல்லாத அட்டையை யார் பொறுக்குவது? புதிதாக வாங்கியதும், காலியாக இருக்கும்போதே, ஜெர்மானியரின் 'எச்2 டெஸ்ட் டபிள்யூ' என்னும் இலவச நிரலால் முழுவதும் எழுதிப் படித்துச் சோதிக்கலாம். சில மணி நேரம் ஆகும். நெல் மூட்டையை நிறுக்காமல் வாங்குவோமா?

பென் டிரைவ் நீண்டகாலச் சேமிப்புக்கு ஏற்றதன்று என்பதையும் சங்கங்கள் கவனத்தில் வைக்க வேண்டும். இதனுள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தை ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோக்கா என்னும் பொறியாளர் 1984-இல் உலகுக்கு அறிவித்தார். பென் டிரைவ் 2000-ஆம் ஆண்டில் கடைக்கு வந்தது. மிகச் சிறிய அறைகளில் மின்னூட்டத்தை அடைத்துவைப்பதே அதன் தத்துவம். அடைத்த மின்னூட்டம் காலப்போக்கில் கசியும். வெப்பத்தில் விரைந்து கசியும். மலிவான சில்லுகள் சில நூறு அல்லது சில ஆயிரம் முறை அழித்தெழுதியதும் தேய்ந்துவிடும். வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் பெட்டியில் மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்கை வைத்துக்கொண்டு திரிவதை நாம் நேரில் கண்டிருக்கிறோம்.

எடுக்கும் முறையைப்பற்றி ஒரு சொல். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் திருத்தப் பதிப்பு முதற்கொண்டு, எழுதி முடிந்தபின் அப்படியே பிடுங்கினாலும் பெரும்பாலும் தீங்கில்லை என்னும்படி அமைத்திருக்கிறார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் எந்தப் பதிப்பும் காப்பாற்றாது. விளக்கு மினுக்குவது நிற்கட்டும். மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊரில் கணிப்பொறிக்கு யு.பி.எஸ். இல்லாமல் வேலை செய்வது, தாழ்ப்பாள் இல்லாத பெட்டியில் பணம் வைப்பதற்குச் சமானம்.

அச்சங்கத்தில் இப்பொழுது பட்டுவாடா நாளன்று மாலை மூன்று பிரதிகள் எடுக்கிறார்கள்: ஒன்று கணிப்பொறியில், ஒன்று வெளிவட்டில், மற்றொன்று காரியதரிசியின் வீட்டில் உள்ள வட்டில். பென் டிரைவ் தறிக்கூடத்துக்கு வடிவம் கொண்டுபோகும் பையனாக மட்டும் இருக்கிறது. மின்சாரம் நின்ற அன்று உபயோகித்த பென் டிரைவை அவர்கள் மறுபடி உபயோகிக்கவில்லை.

பெயரிழந்து எண்களாகத் திரும்பிய வடிவப் படங்களை என்ன செய்வது என்பதே கடைசிச் சிக்கலாயிற்று. எது எந்தப் புடவைக்கு வரைந்தது என்று கணிப்பொறிக்குத் தெரியாது. வரைந்தவரும் வேலையை விட்டுச் சென்றிருந்தார். படங்களைத் தாளில் அச்சிட்டு அந்த முதியவர்முன் வைத்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மயில்கண், ருத்ராட்சம், வங்கி, தாழம்பூ ரேகு என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அப்பெண் கோப்புகளுக்குப் பெயர் எழுதினார். சிலவற்றை அவராலும் சொல்ல முடியவில்லை. அத்தாள்களை அலுவலகச் சுவரில், பாவு நூல் வழங்கும் ஜன்னலுக்கு அருகே ஒட்டியிருக்கிறார்கள். நூல் வாங்க வரும் நெசவாளர் எவரேனும் தாம் நெய்த கரையைக் கண்டுகொண்டால், அதன் கீழே பென்சிலால் பெயர் எழுதிவிட்டுப் போகிறார்கள்.